கொடியில் அந்த ஓரம்

வாம்மா, வா. செருப்ப அங்கயே கழட்டிட்டு வா. கேட்டுல போர்டப் பாத்துட்டுத்தான வந்தே? புரோக்கர் யாரும் அனுப்பலியே? நல்லதாப் போச்சு, அவங்க சகவாசமே நமக்கு வேணாம். இப்பதான் துணி அலசி முடிச்சேன், கையெல்லாம் ஈரம். அந்தப் படியோரமா பக்கெட் இருக்கு, இடிச்சுக்காம வந்து உக்காரு.

மாடிதான் காலி. ஒரு ஹாலு, ஒரு பெட்ரூமு, சமையக்கட்டு தாராளமா இருக்கும். காவிரித் தண்ணி காலைல வரும், மத்த நேரத்துக்கு போர் இருக்கு. கரண்டுக்குத் தனி மீட்டரு. கறி மீன் சமைச்சுக்கலாம், நாங்களே சாப்புடுறவங்கதான். விருந்தாளி வந்தா வரட்டும். ஆணி அடிக்கிறதுன்னா மட்டும் ஒரு வார்த்த கேட்டுட்டு அடி. எனக்கு ஒரே ஒரு கண்டிஷன்தான். துணிய மொட்டமாடில காயப்போடக் கூடாது.

பாரு, நீயும் அதே முழிதான் முழிக்கிறே. வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். வாடகையக் கேட்டா தலையாட்டுறாங்க, துணியச் சொன்னா முழிக்கிறாங்க. முன்ன வந்த ஒரு பொண்ணு, "இவ்வளவு பெரிய மாடி இருக்கு, வெயில் இருக்கு, கொடி கட்டியிருக்கு, அப்புறம் ஏன் ஆன்ட்டி?"ன்னு கேட்டுட்டு, என் பதிலுக்குக்கூட நிக்காம எறங்கிப் போயிருச்சு. நீ பாத்தா நிதானமா இருக்கே. உக்காரு, சொல்றேன். அவரு காப்பித்தூள் வாங்கப் போயிருக்காரு. நாச்சியார் கோயில் பக்கம் போனா பேச ஆள் கெடச்சிரும், இப்போதைக்கு வர மாட்டாரு.

எங்க வீட்டுக்காரரு ஓவியரு. ஸ்கூல்ல டிராயிங் மாஸ்டரா இருந்தவரு, கண்ணு நல்லா தெரியும்போதே சொந்தமா வரையணும்னு முன்கூட்டியே வேலைய விட்டுட்டு வந்துட்டாரு. நான் ஒண்ணும் சொல்லல. குடிக்கப் போறாரா, சீட்டாடப் போறாரா, வரையத்தான போறாரு. மொட்டமாடில ஒரு ரூம் எழுப்பி, அவரு ஸ்டாண்டு, பெயின்டு எல்லாத்தையும் அங்க ஏத்தியாச்சு. எங்க மாடிலேருந்து மலைக்கோட்டை அப்படியே தெரியும்மா. வர்றவங்கல்லாம், சாரு குடுத்து வெச்சவரு, கண்ணு முன்னாடி மலைக்கோட்டைம்பாங்க. அவரும் வரைஞ்சாரு. விடியக்காலைல மலைக்கோட்டை, மழைல மலைக்கோட்டை, தெப்பக்கொளத்துத் தண்ணிக்குள்ள மலைக்கோட்டை. கல்யாண மண்டபத்துக்காரங்க வாங்கிட்டுப் போனாங்க, ஒரு டாக்டர் கிளினிக்ல மாட்டியிருக்கு. அதெல்லாம் படம். பாத்த ஒடனே என்னன்னு தெரியணும், கன்னத்துல போட்டுக்கத் தோணணும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், நீயும் பொம்பளப்புள்ள, உனக்குப் புரியும். கல்யாணமாயி இத்தன வருஷத்துல அந்த மனுஷன் என்னைய ஒரு தடவகூட வரைஞ்சதில்ல. புதுசுல வெக்கத்த விட்டு நானே கேட்டேன். அரக்குக் கலர்ப் பட்டக் கட்டிக்கிட்டு, தலை கொள்ளாம பூ வெச்சுக்கிட்டு, நாக்காலில போய் உக்காந்தேன். அவரு பென்சில எடுத்தாரு. அடுப்புல பால் வெச்சிருந்தேன், பொங்குற வாசன வந்துச்சு, ஓடிட்டேன். திரும்பி வந்து உக்காந்தா வாசல்ல கீரைக்காரி. கீரைய வாங்கி வெச்சுட்டு வந்தா மாமியா கூப்புடுறாங்க. அவரு பென்சில கீழ வெச்சுட்டுச் சிரிச்சாரு.

"குமுதா, உன்னைய வரைய முடியாது. நீ ஒரு எடத்துல இருக்க மாட்டே."

அதோட சரி. ஸ்கூல் பியூன வரைஞ்சிருக்காரு. எதிர்வீட்டு நாய வரைஞ்சிருக்காரு, அது மட்டும் ஒரு எடத்துல இருந்துச்சா? நான் மட்டும் இல்ல. சரி, மலைக்கோட்டையோட நம்ம போட்டி போட முடியுமான்னு விட்டுட்டேன். அது சாமி இருக்கற மலை. அது மேல பொறாமப்பட்டா நல்லாவா இருக்கும்?

அப்பதான் மாடிக்கு அவ குடி வந்தா. பேரு பிரமிளா. பேங்க்ல வேலை, புருஷன் மஸ்கட்ல. தனி ஆளு, ஒரு தொந்தரவும் இல்ல, வாடகை டாண்ணு வந்துரும்னு நானேதான் வெச்சேன். பெரிய அழகின்னு சொல்ல முடியாது. பல்லு வேணா வரிசையா இருக்கும். ஆனா துணி. என்னன்னு சொல்றது, அவ கட்டுன மாதிரி காட்டன் புடவைய நான் கடைலகூடப் பாத்ததில்ல. ஒண்ணு கிளிப்பச்சைல மாங்கா மாங்காயா ஓடும். ஒண்ணு வெங்காயச் சருகு கலரு, அதுல கறுப்புக் கோட்டுல மயிலும் மீனும். சுங்குடில ஒரு வாடாமல்லி, உடம்பு பூரா அரிசி தெறிச்ச மாதிரி புள்ளி. மெத்தை விரிப்புல கட்டம், தலகாணி உறைல பூ, கைதொடைக்கிற துணிலகூட ஏதோ ஒரு கொடி சுத்தியிருக்கும். ஞாயித்துக்கெழமையானா அத்தனையும் தோய்ச்சுக் கொண்டுபோய் எங்க கொடில போட்டுருவா. காத்துல அது ஆடுறதப் பாத்தா தேர் வந்து நிக்குதோன்னு இருக்கும். நல்லாத்தான் இருக்கும், நான் இல்லங்கல.

என் துணியும் அதே கொடிலதான் காயும். அது எப்பவும் கடைசி ஓரத்துல, தண்ணித்தொட்டி பக்கம். எங்க வீட்டுத் துணின்னா என்ன இருக்கப் போவுது? அவரு வேட்டி, பெயின்டு தொடைக்கிற பனியன், என் நைட்டி, என் பாவாட. பாவாடையெல்லாம் தெருவுல போறவன் கண்ணுல படற மாதிரியா போடுவோம்? மேல ஒரு துண்டப் போட்டு மறைச்சுத்தான் காயப்போடுவோம். நீயும் அப்படித்தான போடுவே? எங்கம்மா அப்படித்தான் போடுவாங்க, ஊர்ல எல்லாரும் அப்படித்தான். நான் காசித்துண்டு போட்டு மூடிருவேன். துண்டு குட்டை, அதனால கீழ ஒரு ஓரம் தெரியும். அவ்வளவுதான்.

ஒரு ஞாயித்துக்கெழம காப்பி எடுத்துட்டு மேல போறேன். பாத்தா, இவரு ஸ்டாண்டத் திருப்பி வெச்சிருக்காரு. மலைக்கோட்டைக்கு முதுகக் காட்டிட்டாரு. மூஞ்சி கொடிப் பக்கம். என்னங்க இதுன்னேன். "குமுதா, இந்த வெளிச்சத்தப் பாரேன். துணி வழியா வரும்போது எப்படி வருது பாரு"ன்னாரு. நான் வெளிச்சத்தப் பாக்கல. அவர் எதிர்ல தொங்குறது யாரு புடவன்னு பாத்தேன். வயிறு பத்திக்கிட்டு எரிஞ்சுதும்மா. இருபது முப்பது வருஷமா இந்த வீட்டு வெயில்ல காஞ்சது என் துணி. வெளிச்சம் அன்னிக்குத்தான் வந்துச்சாமா?

அன்னிலேருந்து வேற வேலையே கெடையாது. ஞாயித்துக்கெழம எப்ப வரும்னு காத்திருப்பாரு. சனிக்கெழம ராத்திரியே பிரஷ்ஷக் கழுவி வெச்சுருவாரு. அவ துணியக் கொண்டுவந்து உதறுற சத்தம் கேட்டா, திங்கிற இட்லிய வெச்சுட்டு எந்திரிச்சுப் போவாரு. அவகிட்ட பேசுனாரான்னா, பேசல. சும்மா சொல்லக் கூடாது. அவ போட்டுட்டுக் கீழ எறங்குனப்புறம்தான் மேல போவாரு. ஆனா பேசாம இருக்கறதுதான எனக்குச் சந்தேகமே. மனசுல ஒண்ணும் இல்லாதவன் பேசிட்டுப் போவானே.

நானும் சும்மா இருக்கல. மாடி பல்ப மாத்தப் போறேன், தொட்டி ரொம்பிருச்சான்னு பாக்கப் போறேன்னு ஏதாவது சொல்லிட்டுப் போய் எட்டிப் பாப்பேன். படம்னா என்ன படம்? ஆள் கெடையாது, மரம் கெடையாது. ஒரு கயிறு, அதுல துணி. அந்த மாங்கா டிசைன ஒவ்வொரு மாங்காயா, மூக்கு வளைஞ்சது வரைக்கும் எழுதியிருக்காரு. அவ்வளவு பொறும. கரண்ட் பில்லு கட்டப் போகச் சொன்னா பொறும இருக்காது. கலரு கலக்குற தட்ட என் சமையக்கட்டு தொட்டிலதான் வந்து கழுவுவாரு. ஒருநாள் பச்ச ஓடும், ஒருநாள் வாடாமல்லி ஓடும். ஆனா எல்லா நாளும் கடைசில ஒரு அழுக்குத் தண்ணி ஓடும். நீலமும் இல்லாம சாம்பலும் இல்லாம ஒரு கலரு. இது எதுக்குன்னு கேட்டா, "அதுதான் வர மாட்டேங்குது"ம்பாரு. எனக்கு அந்தத் தொட்டியத் தேய்க்கறதே வேலையாப் போச்சு.

வா, பேசிட்டே மேல போவோம். மாடியப் பாத்துரு. மெதுவா ஏறு, எனக்கு முட்டி வலி. இப்பல்லாம் நான் மேல வர்றதேயில்ல. உனக்காகத்தான் இன்னிக்கு ஏறுறேன்.

எங்க விட்டேன்? ம், தொட்டியத் தேய்ச்சேன்ல, அதுக்கப்புறம்தான் மெட்ராஸ் கத. இவரு வரைஞ்சத போன்ல போட்டோ புடிச்சு யாருக்கோ அனுப்ப, அது யாரு கைக்கோ போயி, மெட்ராஸ்ல கண்காட்சி வைக்கிற ஒரு அம்மா கூப்புட்டுட்டாங்க. மலைக்கோட்டைய அத்தன வருஷம் வரைஞ்சப்ப யாரும் கூப்புடல பாத்துக்க. இந்தத் துணிக்குக் கூப்புடுறாங்க. நானும் போனேன். பட்டுப்புடவ கட்டி, நக போட்டு, ஓவியர் சம்சாரம்னா சும்மாவான்னு போனேன். உள்ள போனா சுவரு பூரா அவ துணி. இந்தப் பக்கம் சுங்குடி, அந்தப் பக்கம் மயிலு. அவளையே அங்க கொண்டாந்து நிறுத்தியிருந்தாக்கூட எனக்கு அவ்வளவு எரிஞ்சிருக்காது. எல்லாரும் கிட்டப் போய்ப் பாக்குறாங்க, தள்ளி நின்னு பாக்குறாங்க, என்ன கலரு, என்ன கலருங்கறாங்க.

அப்பதான்மா பாத்தேன். தலைல கல்லத் தூக்கிப் போட்ட மாதிரி ஆயிருச்சு. ஒவ்வொரு படத்துலயும் கடைசி ஓரத்துல என் காசித்துண்டு. துண்டுக்குக் கீழ என் பாவாட. ஒண்ணு விடாம எல்லாத்துலயும். அவளுக்கு மயிலும் மாங்காயும், எனக்கு வெளுத்த பாவாட. நான் யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு துண்டு போட்டு மூடி வெச்சத, ஏசி போட்ட ஹால்ல, லைட்டு போட்டு, மெட்ராஸே பாக்கற மாதிரி மாட்டி வெச்சிருக்காரு. நான் முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டேன். அது என்னுதுன்னு யாருக்கும் தெரியாது, ஆனாலும் எனக்குக் கூசிப் போச்சு.

அந்தக் கண்காட்சிக்கார அம்மா இருக்காங்களே, குட்டையா முடி வெட்டிக்கிட்டு, அவங்க அந்த ஓரத்தையே பாத்துட்டு நின்னாங்க. இது என்ன சார், எல்லாப் படத்துலயும் வருது, மத்த துணி மாறிட்டே இருக்கு, இது மட்டும் மாறலியேன்னு கேட்டாங்க. அதுக்கு இவரு சொன்னாரு.

"அது இல்லாட்டி மத்ததெல்லாம் பறந்து போயிரும்மா."

கேட்டியா? மத்ததெல்லாம்னா எது? அவ துணிதான? அது பறந்துறக் கூடாதாம், அதுக்கு நான் கல்லு மாதிரி ஓரத்துல கெடக்கணுமாம். அதச் சொல்லிட்டு என் பக்கம் ஒரு பார்வ பாத்தாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். பஸ்ல திருச்சி வந்து சேர்ற வரைக்கும் நான் ஒரு வார்த்த பேசல. விழுப்புரத்துல டீ வாங்கிக் குடுத்தாரு, குடிச்சேன், ஆனா பேசல.

வந்தது நல்ல சித்திர வெயிலு. நான் என்ன பண்ணேன் தெரியுமா? அரிசிய ஊறப்போட்டு அரைச்சு, கூழு காச்சி, என் பழைய வாயில் புடவையெல்லாம் மாடில விரிச்சு, கொடிக்குக் கீழ ஒரு எடம் பாக்கியில்லாம வடகம் ஊத்திட்டேன். துணி சொட்டுனா வடகம் கெட்டுரும்ல? அவளும் மரியாதக்காரிதான், "அக்கா, நான் ரூமுக்குள்ளயே போட்டுக்கறேன்"னுட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. மேல போய்ப் பாத்தா, இந்த மனுஷன் குத்தவெச்சு உக்காந்து வடகத்த வரைஞ்சிட்டு இருக்காரு! என் நீலப் புடவ மேல வரிசை வரிசையா வெள்ளை வட்டம். நான் கரண்டில ஊத்துனப்ப எங்கெங்க வட்டம் கோணிருந்துச்சோ, அந்தக் கோணல்கூட அப்படியே. அவ துணியப் பாக்க முடியாத ஏக்கத்துல வடகத்த வரையற அளவுக்கு வந்துட்டாரே, இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப் போச்சேன்னு எனக்கு அழுகையே வந்துருச்சு.

வடகம் முடிஞ்சு மொளகா காயப்போட்டேன். மொளகாக்கு அப்புறம் மல்லி. அப்புறம் மாங்கா வத்தல். எங்க தெருவுக்கே அந்த வருஷம் நாந்தான் வடகம் குடுத்தேன். அவளப் போன்னு நான் ஒரு நாளும் சொல்லல, அது என் பழக்கம் கெடையாது. அவளாப் புரிஞ்சுக்கிட்டு வேற வீடு பாத்துட்டா. போறன்னிக்கு சாவியக் குடுக்க வந்தவ என் கையப் புடிச்சுக்கிட்டா.

"அக்கா, சார் எங்கிட்ட பேசுனது ஒரே ஒரு தடவதான். என் துணியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்க முடியுமா, அந்த ஓரம் மறையுதுன்னு கேட்டாரு."

பேசியிருக்காரு பாத்தியா! அன்னிக்கு வரைக்கும் பேசவே இல்லன்னு நான் நெனச்சுட்டு இருந்தேன். எனக்குத் தெரியாம பேசியிருக்காரு, அதுவும் துணியத் தள்ளிப் போடற அளவுக்கு உரிமையா. எங்கிட்ட என்னிக்காவது, குமுதா இப்படிப் போடு, அப்படிப் போடுன்னு கேட்டிருக்காரா? அவ ஏதோ எனக்கு ஆறுதல் சொல்ற மாதிரி சொல்லிட்டுப் போனா. எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சத் தூக்கமும் போச்சு.

இதான் ஹாலு. நல்லா காத்து வரும். அந்த அலமாரிக்குக் கதவு மாட்டித் தந்துர்றேன். சமையக்கட்டுல இந்தக் கறையெல்லாம் அவ விட்டுட்டுப் போனதில்ல, அதுக்கு முன்ன இருந்தவங்க. அவ சுத்தமாத்தான் வெச்சிருந்தா. அத நான் சொல்லியாகணும்.

அவ போனப்புறம் நானும் மொட்டமாடிக்குப் போறதில்ல. அந்தக் கொடியப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வரும். பின்பக்கம் மடக்கற ஸ்டாண்டு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டேன், என் துணியெல்லாம் இப்ப அங்கதான். தொலஞ்சுது பீட, இனி மலைக்கோட்டைப் பக்கம் திரும்பிருவாருன்னு நெனச்சேன். திரும்பல. வரையறதையே விட்டுட்டாரு. காலைல மேல போவாரு, வெறுங்கொடி எதிர்ல உக்காருவாரு, வெயில் ஏறுனதும் எறங்கி வருவாரு. சோத்தப் பெசஞ்சு பெசஞ்சு வெச்சிருப்பாரு. மெட்ராஸ் அம்மா போன் மேல போன், அடுத்த கண்காட்சிக்கு படம் எங்கன்னு. இவரு எடுக்கறதில்ல. சுகர் பாத்தாச்சு, பிரஷர் பாத்தாச்சு, ஒண்ணும் இல்ல. அவ நெனப்புதான், வேற என்ன? எனக்குத் தெரியாதா?

ஒருநாள் சாப்புட்டுட்டு இருக்கும்போது கேக்குறாரு. "ஏன் குமுதா, இப்பல்லாம் நீ துணி காயப்போட மேல வர்றதில்லியே?"ன்னு. எப்படிச் சுத்தி வளைச்சுக் கேக்குறாரு பாத்தியா? அவ துணி இல்லியேன்னு நேராக் கேக்க வாய் வரல, என் துணிய இழுக்குறாரு. முட்டி வலின்னேன். "நான் வேணா பக்கெட்டத் தூக்கிட்டு வரட்டுமா?"ன்னாரு. கல்யாணமான நாள்லேருந்து ஒரு சொம்பு தூக்குனதில்ல அந்த மனுஷன். எனக்கு வந்துச்சே கோவம். ஒண்ணும் வேணாம், பின்பக்கமே நல்லாக் காயுதுன்னு சொல்லிட்டு மோர ஊத்திட்டுப் போயிட்டேன்.

அதனாலதான் சொல்றேன், இனி எவ துணியும் இந்தக் கொடில ஆடக் கூடாது. எனக்குப் பொறாமன்னு நெனச்சுக்காத. பொறாமப்பட அவகிட்ட என்ன இருக்கு? எனக்கு வேண்டியது என் வீட்டுல நிம்மதி. நாளைக்கு அவரு கண்ண மூடுனா, இவரு என்னென்ன வரைஞ்சாருன்னு நாலு பேரு அடுக்கிப் பாப்பாங்க. அதுல நான் இருக்க மாட்டேன். யாரோ ஒருத்தி புடவ இருக்கும், நான் இருக்க மாட்டேன். இத யாருகிட்ட போய் நான் சொல்றது?

வா, அப்படியே ஏறி மொட்டமாடியையும் பாத்துரு. இதான் அவரு ரூமு. பூட்டறதில்ல. எட்டிப் பாக்குறதுன்னா பாத்துக்க, நான் உள்ள வந்தே மாசக்கணக்காவுது. ஐயோ, ஒட்டட. அந்தத் துணிய வெலக்கு, ஸ்டாண்டுல இருக்கே, அதுதான் கடைசியா வரைஞ்சது. நான் வடகம் ஊத்தறதுக்கு முன்னால ஆரம்பிச்சாரு, அப்படியே கெடக்கு. பாரு, எத்தாம் பெருசு. இதுதான் நான் சொன்ன மாங்கா. இதுதான் மயிலு. ஒவ்வொரு எறகுக்கும் கண்ணு வெச்சிருக்காரு பாத்தியா. காத்து அடிச்சு முந்தி தூக்குது, அதக்கூட விடல. எல்லாம் முடிச்சாச்சு. ஓரத்துக்கு வா. இது என் காசித்துண்டு, கரைல ரெட்டக் கோடு, அது வரைக்கும் ஆச்சு. அதுக்குக் கீழ பாரு, வெறும் வெள்ள. அவளுதுக்கெல்லாம் பொறும இருந்துச்சு. என்னுதுன்னு வரும்போது மட்டும் பெயின்டு தீந்து போச்சாக்கும்.

என்ன சொன்னே?

தீரலியா? எதுல? தட்டுலயா? ஆமா, தட்டு பூரா காஞ்சு கெடக்கு. எல்லாம் அந்த அழுக்குக் கலருதான். இங்க பாரு, படத்து ஓரத்துலகூடத் தொட்டுத் தொட்டுப் பாத்திருக்காரு. கீழ வரைக்கும் இருக்கே. சுவத்துலயும் இருக்கு. இது நீலம் ஜாஸ்தி. இது ரொம்பச் செத்த கலரா இருக்கு. இது பரவால்ல, கிட்ட வருது. இல்ல, இதுவும் இல்ல. இது எப்படிம்மா வரும்? கடைல விக்கிற கலரா அது? பாவாடைய மயில்கழுத்துக் கலர்ல வாங்குனேன், சொட்டு நீலம் போட்டுப் போட்டு, தோய்ச்சுத் தோய்ச்சு, வெயில்ல போட்டுப் போட்டு நானாக் கொண்டாந்த கலரு. எதிர்ல வெச்சுப் பாக்காம எப்படி வரும்?

பென்சில்லயா? எங்க? கண்ணாடி இல்லாம எனக்குத் தெரியல, நீ கைய வெச்சுக் காட்டு. பாவாடைல போட்ட ஒட்டா? அது மூணு மூலையா இருக்கா? ஓரத்துத் தையல் கோணலா இருக்கா? ஆமா. கதவுத் தாப்பாள்ல மாட்டிக் கிழிஞ்சுது. வெளக்கு வெச்சப்புறம் தைச்சேன், அதான் கோணிப் போச்சு. அது துண்டுக்குள்ளல்ல இருக்கும்? அது யாருக்குத் தெரியும்? காத்தடிச்சுத் துண்டு வெலகுனாத்தான் தெரியும். வெலகற வரைக்கும் பாத்துட்டு உக்காந்திருந்தாத்தான் தெரியும்.

அவகிட்டயும் அதத்தான் கேட்டிருக்காரு. ஓரம் மறையுதுன்னு.

நீ என்ன என் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கிறே? போய்க் கொழாயத் தொறந்து பாரு, தண்ணி வருதான்னு.

வருதா? நல்லா வரும், நான்தான் சொன்னேனே. சரி, நீ சின்னப் பொண்ணுதான, ஒரு ஒத்தாச பண்ணு. கீழ படியோரம் என் பக்கெட் இருக்குல்ல, அத எடுத்துட்டு வந்துரு. நான் எறங்குனா திரும்ப ஏற முடியாது. இன்னிக்குப் பின்பக்கம் சரியா வெயிலே வரல, அதான். வேற ஒண்ணும் இல்ல.

வெச்சிரு, வெச்சிரு, தொட்டி பக்கம் வை. கொடில ஒரே தூசி. படத்த மூடியிருந்த அந்தத் துணிய எடுத்துக் குடு, ஒரு தொட தொடச்சுர்றேன். இந்த முனைய நீ புடி, நல்லாப் பிழி. ம், உதறு. அதேதான், அதே பாவாடதான், இன்னும் கிழியல. துண்டா? துண்டு வேணாம்மா, அத அப்பால போடு. மேல போட்டு மூடுனா காய லேட்டாவுது. தெருவுல போறவன் பாத்தா பாத்துட்டுப் போறான். மெட்ராஸே பாத்தாச்சு.

கேட்டு சத்தம் கேக்குதா? அவருதான். காப்பித்தூள வெச்சதும் மேல வருவாரு, தெனமும் வருவாரு. நீ எறங்கிக்க, நான் அப்புறமா வர்றேன். இன்னும் கொஞ்சம் துணி இருக்கு, நின்னு நிதானமாப் போட்டுட்டு வர்றேன்.

வீடு புடிச்சிருந்தா நாளைக்கே வந்து சொல்லிரு. துணிய மாடிலயே போட்டுக்க, ரூமுக்குள்ள போட்டா ஈர வாட அடிக்கும். இந்த மஞ்சத் துப்பட்டா எங்க எடுத்தே? நல்லாத்தான் இருக்கு, கட்டமும் புள்ளியுமா. அத வேணா உள்ளயே காயப்போடு. மத்ததெல்லாம் இந்தப் பக்கம் எவ்வளவு வேணாலும் போட்டுக்க. அந்த ஓரத்துல மட்டும் கை வெக்காத. அது என் எடம்.